லேபர் கேம்ப்பின் வழியனுப்பு

வளைகுடாவுக்கு விமானம் ஏறப்போனவர்கள் காத்துக்கிடந்த இடங்களில் ஒன்று மாட்டுங்கா லேபர் கேம்ப். வெளிநாட்டுப் பயணத்தில் பாதுகாப்பு என்றால் என்ன என்பதை அது இரண்டே பொருள்களில் சொல்லிவிடுகிறது: கையில் ஒரு காகிதம், அதைப் படித்துப் பார்க்க ஓர் ஆள்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தில் இறங்கும் தமிழருக்கு இரண்டு வழிகள் உண்டு. கிழக்குப் பக்கம் போனால் பில்டர் காபி வாசனை, பூக்கடைகள், கோயில் மணி, 1932-இல் தொடங்கிய சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியின் பெயர்ப் பலகை. மேற்குப் பக்கம் போய், தாராவியை நோக்கி நடந்தால் லேபர் கேம்ப். ஒரே ஸ்டேஷன், இருவேறு தமிழகங்கள்.

தபால் முகவரியில் மாட்டுங்கா என்று இருந்தாலும் லேபர் கேம்ப்பின் மூச்சும் பேச்சும் தாராவிதான். விடியும்போதே இட்லிப் பானைகளோடு ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அலுமினியப் பாத்திரமும் சட்னித் தூக்கும் மும்பையின் எந்தெந்தத் தெருவுக்கோ போகின்றன. சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலித் தமிழில் தொடங்கும் வாக்கியம் மராத்தியில் முடியும். நடுவில் இந்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

தாராவி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு 1987-இல் வந்த ‘நாயகன்’ நினைவுக்கு வரும். பின்னால் வந்த தலைமுறைக்கு 2018-இல் வந்த ‘காலா’. சினிமாவில் வராத தாராவி ஒன்று உண்டு. அது வேலைக்குப் போய்த் திரும்பும் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும், தெருவைச் சுத்தம் செய்யவும், ஆலைகளில் கூலிக்கும் வந்தவர்கள் கட்டியெழுப்பிய ஊர் அது. லேபர் கேம்ப் என்ற பெயரிலேயே உழைப்பு இருக்கிறது.

தமிழர்கள் மட்டுமல்ல, சாங்லி மாவட்டத்தின் வாட்டேகாவ் கிராமத்திலிருந்து நடந்தே மும்பைக்கு வந்தவர் என்று சொல்லப்படும் அண்ணாபாவ் சாத்தேயும் இந்த லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர்தான். பள்ளிப் படிப்பு அநேகமாக இல்லாத அந்த மராத்தி எழுத்தாளர் 1961-இல் சோவியத் யூனியனுக்குப் போய்வந்து பயண நூல் ஒன்றும் எழுதினார். லேபர் கேம்ப் கண்ட வெளிநாட்டுப் பயணிகளில் பெயர் தெரிந்தவர் அவர். பெயர் தெரியாதவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள்.

1970-களில் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் கட்டடங்கள் எழுந்தன. அந்தக் கட்டடங்களுக்குக் கொத்தனாரும் தச்சரும் வெல்டரும் டிரைவரும் வேண்டியிருந்தார்கள். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் மும்பையில் இருந்தார்கள். விமானமும் இங்கிருந்துதான். எனவே தெற்கிலிருந்து வந்த இளைஞன் முதலில் மும்பைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. தாதரில் இறங்கியவனுக்கு லாட்ஜில் தங்கக் காசில்லை. சித்தப்பா வீடு, மாமா வீடு, அதுவும் இல்லையென்றால் ஊர்க்காரர் வீடு. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தால், அவன் ஏழாமவன்.

காத்திருப்பு ஒரு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். மருத்துவப் பரிசோதனை, விசா, குடிபெயர்வு அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அந்த நாட்களில் அவன் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தான், இட்லிக் கடைக்கு மாவு ஆட்டினான், மாலையில் வாசலில் உட்கார்ந்து துபாயிலிருந்து லீவில் வந்தவர்களின் கதையைக் கேட்டான். அங்கேதான் பாடமும் நடந்தது. போய்வந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டுவார்: “எலே, கடுதாசியை எடு, பாப்போம்.”

இந்த ஒரு வாக்கியம்தான் பயணப் பாதுகாப்பின் முதல் படி.

அவர் பார்த்தது என்ன? கம்பெனியின் பெயர் என்ன, விசாவில் இருக்கிற பெயரும் அதுதானா? என்ன வேலை, டிரைவர் என்று சொல்லிவிட்டு ஒட்டகம் மேய்க்க அனுப்புகிறார்களா? சம்பளம் எந்த நாட்டுக் காசில், சாப்பாடு சேர்த்தா சேர்க்காமலா? ஒப்பந்தம் எத்தனை வருடம், திரும்பி வர டிக்கெட் யார் தருவது? கையெழுத்து போட்டது எந்த மொழிக் காகிதத்தில்? இங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அங்கே இறங்கியதும் குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு காகிதத்தை நீட்டுவது வளைகுடாவின் பழைய மோசடி. இந்தியாவில் போட்ட ஒப்பந்தத்தின் நகல் கையில் இல்லாதவனுக்கு அப்போது வாய் இருக்கும், ஆதாரம் இருக்காது.

இரண்டாவது படி, நகல். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட்டிடம் கட்டிய பணத்துக்கான ரசீது. ஒரு செட் சட்டைப் பையில் போகும். ஒரு செட் லேபர் கேம்ப்பில் இருக்கும். ஒரு செட் ஊருக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். மகன் எங்கே என்று ஒரு நாள் அதிகாரி கேட்டால் எதை எடுத்து நீட்ட வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

இந்தப் பாடத்துக்கு 1990-இல் பெரிய தேர்வு வந்தது. ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கிருந்த இந்தியர்கள் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர். ஒரே இரவில் வேலை போனது, வங்கியில் இருந்த பணம் கைக்கு எட்டாமல் போனது. பலருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது. முதலாளியோ ஊரைவிட்டே போய்விட்டார். பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகருக்குப் போய்ச் சேர்ந்தவர்களை ஏர் இந்தியா மும்பைக்கு ஏற்றி வந்தது. ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை 488 விமானங்கள், 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். பெட்டி நிறைய டேப்ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டு இறங்கிய அதே மும்பை விமான நிலையத்தில், பலர் உடுத்திய துணியோடு இறங்கினார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 1991-இல் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவர்களில் தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர், குடும்பத்துக்கு 5,000 அல்லது 8,000 டாலர் என்று தொகை வகுத்தது. அதற்குக் கேட்ட ஆதாரம் எளியதுதான்: அங்கே இருந்ததற்கும் வெளியேறியதற்கும் ஒரு சான்று. பாலைவனத்தில் பெட்டியை விட்டவர்கள் பலர். பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையும் விசாவின் நகலும் அப்போதுதான் பணமாக மாறின. பெட்டியைவிடக் காகிதம் கனமானது என்று அந்த வருடம் தெரிந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்குக் காகிதத்தைத்தான் நம்புகிறது. வெள்ளைக்காரர் காலத்து 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வேலைக்காக வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து முதலிய 18 நாடுகளுக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்ற மூன்று எழுத்து இருப்பதற்கு அர்த்தம் இதுதான். அந்த மூன்று எழுத்தைத் தடை என்று நினைத்து, அதை மறைக்கப் பொய்ச் சான்றிதழ் தேடியவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு வேலி. அனுமதி கேட்டுப் போகும்போதுதான் ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்க்கிறார். ஏஜென்ட்டுக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். 2014-இல் வந்த ‘இ-மைக்ரேட்’ முறையில் ஏஜென்ட்டின் பதிவை எவரும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சங்களில் பேசுகிறவரும், ரசீது கேட்டால் “நம்பிக்கை இல்லையா தம்பி?” என்று முகம் வாடுகிறவரும் எந்த ரகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி முறையாகப் போகிறவருக்கு இன்னொரு காகிதமும் கிடைக்கிறது. 2003-இல் தொடங்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 10 லட்சம் ரூபாய். ஊரில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் இருக்க இது உதவும். ஆனால் பாலிசி இருப்பதே வீட்டில் தெரியாவிட்டால், அந்தப் பத்து லட்சம் யாரும் கேட்காத பணம்.

மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி. அக்கரையில் கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். அங்கே 2017-இல் திறக்கப்பட்ட ‘விதேஷ் பவன்’ என்ற மாளிகையில் பாஸ்போர்ட் அலுவலகமும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு காலத்தில் காத்துக்கிடந்து வாங்கிய அனுமதி இன்று ஆற்றைத் தாண்டினால் இருக்கிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஆபத்தில் மாட்டுகிறவர்கள் அந்தப் பாலத்தைக் கடப்பதே இல்லை.

எப்படி? முதல் ஓட்டை, சுற்றுலா விசா. வேலைக்கு என்று போனால்தான் அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போனால் வேண்டாம். “விசிட்டில் போயிரு, அங்கே போய் மாத்திக்கலாம்” என்று ஏஜென்ட் சொல்வது இதனால்தான். சுற்றுலா விசாவில் போனவனுக்கு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, கணக்கேட்டில் பெயர் இல்லை. விசா நாள் முடிந்ததும் அவன் அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. சம்பளம் தரவில்லை என்று போலீசுக்குப் போனால் முதலில் உள்ளே போவது அவன்தான். வீட்டுவேலைக்கு என்று அழைத்துப் போகப்படும் பெண்களின் நிலை இதைவிட மோசம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. விதியைத் தாண்ட ஏஜென்ட் காட்டும் குறுக்கு வழியும் அதே சுற்றுலா விசாதான்.

இரண்டாவது ஓட்டை, படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு வேலி கிடையாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. 2022-இல் அந்த நம்பிக்கை பொய்த்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டாலரில் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன பட்டதாரி இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. மறுத்தால் அடி. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலிருந்தும் இதே கதைகள் வந்தன. கைநாட்டு வைத்த கொத்தனாரின் காகிதத்தை லேபர் கேம்ப்பில் யாராவது ஒருவர் வாங்கிப் பார்த்தார். என்ஜினீயரிங் படித்த பையனின் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. வேலை செல்போனில் வந்தது, இன்டர்வியூ செல்போனில் நடந்தது, டிக்கெட்டும் செல்போனிலேயே வந்து விழுந்தது. நடுவில் ஒரு பெரியவர் கையை நீட்ட இடமே இல்லை.

அதற்காகப் பழைய காலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ஊர்க்காரர் என்பதாலேயே எல்லோரும் நல்லவர் ஆகிவிடுவதில்லை. ஏமாற்றிய ஏஜென்ட்டின் உள்ளூர்க் கையாள் பல நேரங்களில் மச்சான் முறை சொல்லிக்கொண்டு வந்தவர்தான். விமானம் ஏறும் அன்று “இதை அங்கே நம்ம பையன் வந்து வாங்கிக்குவான்” என்று பொட்டலம் நீட்டுகிறவரும் உறவுதான். 2019-இல் மும்பைத் தம்பதி ஒன்று கத்தார் விமான நிலையத்தில் பிடிபட்டது. உறவுப் பெண்மணி ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் கஞ்சாப் பிசின் இருந்தது. பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட அவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் என்பது தெளிவாகி 2021-இல் விடுதலை ஆகி ஊர் திரும்பினார்கள். இடையில் குழந்தை பிறந்ததும் சிறையில்தான்.

கஞ்சா என்ன, கசகசாவே போதும். நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற கசகசா ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவூதி அரேபியா உட்பட சில நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் உள்ள சில மருந்துகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. டாக்டரின் சீட்டு இல்லாமல் கொண்டுபோனால் விளக்கம் சொல்ல வேண்டிவரும், அதுவும் புரியாத மொழியில். அம்மா கட்டித் தந்த மசாலாப் பொட்டலமாக இருந்தாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்தவர் பெட்டியை வாங்கவே கூடாது. மறுப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

போய் இறங்கிய பிறகு? அங்கும் ஒரு லேபர் கேம்ப் காத்திருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வளைகுடாவிலும் அதே பெயர்தான். மாட்டுங்காவில் ஏழாமவனாகப் படுத்தவன் அங்கே அடுக்குக் கட்டிலில் படுக்கிறான். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து, 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். புது அறையில் முதல் ராத்திரியே படிக்கட்டு எங்கே, வெளியே போகும் கதவு எங்கே, அது பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வைப்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

பாஸ்போர்ட் விஷயமும் அப்படித்தான். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளியின் பெட்டிக்கு உரியதல்ல. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தொழிலாளியின் ஆவணத்தை முதலாளி பிடித்து வைப்பதை 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. கத்தார் 2020-இல், முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம் என்பது உண்மைதான். ஆனால் உரிமை இருக்கிறது என்று தெரிந்தவன் கேட்கிற தொனியே வேறு. தூதரகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. செல்போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். காகிதத்தில் எழுதித் தனியே வைக்க வேண்டும். புறப்படும் முன் சந்தேகம் கேட்க வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது: 1800 11 3090. தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதன் வழியாகப் போகிறவர்களும் உண்டு.

லேபர் கேம்ப்பின் மக்களுக்குக் காகிதத்தின் அருமையை வளைகுடா மட்டும் கற்றுத் தரவில்லை. சொந்த நாட்டிலேயே அவர்கள் அதைக் கற்றவர்கள். தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் மும்பையில் எழுந்த 1960-களில், இந்த நகரத்தில் தாங்கள் வெளியூர்க்காரர்கள் என்பதை அது நினைவூட்டியது. 1976-இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாளச் சீட்டு வழங்கியது. அந்தச் சீட்டு இருந்தவர் குடியிருப்பவர், இல்லாதவர் ஆக்கிரமிப்பாளர். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி ஆறு பெருக்கெடுத்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் நனைந்து கூழான பொருள்களில் ஈடு செய்ய முடியாதவை ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும்தான். இன்று தாராவி மறுசீரமைப்பிலும் அதே கேள்வி. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் இங்கே இருந்ததற்குக் காகிதம் உண்டா? உண்டென்றால் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. இல்லையென்றால் வேறு பேச்சு.

அதனால்தான் இந்தச் சந்துகளில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பரணில், வெள்ளம் எட்டாத உயரத்தில், பிளாஸ்டிக் பை ஒன்று கண்ணில் படும். முடிச்சுப் போட்டு, மேலே இன்னொரு பை சுற்றி வைத்திருப்பார்கள். உள்ளே ரேஷன் கார்டு, வீட்டுச் சீட்டு, பிள்ளைகளின் சான்றிதழ். மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடென்றால் அவனுடைய பாஸ்போர்ட்டின் நகலும் அதில் இருக்க வேண்டும். விசாவும் ஒப்பந்தமும் பாலிசியும் இருக்க வேண்டும்.

இன்று மும்பை வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னை, திருச்சி, திருவனந்தபுரம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே விமானம் ஏறலாம். யார் வீட்டிலும் ஏழாமவனாகப் படுக்க வேண்டாம். அது நல்லதுதான். ஆனால் அந்தக் காத்திருப்போடு சேர்ந்து, கையை நீட்டிக் காகிதம் கேட்ட ஆளும் காணாமல் போய்விட்டார். புறப்படுகிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அப்பாவோ, அக்காவோ, பள்ளி ஆசிரியரோ, பக்கத்து வீட்டு மாமாவோ. அவருக்கு அரபி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும்.

“எலே, கடுதாசியை எடு, பாப்போம்.”